எண்ணை இழக்காமல் செல்பேசி நிறுவனத்தை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் ஒரு செல்பேசி நிறுவனத்தின் இணைப்பை விட்டுவிட்டு, அதே எண்ணோடு இன்னொரு நிறுவனத்துக்குப் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு இரண்டுக்கும் இவை பொருந்தும். வேறுபாடு இருக்கும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணே வேண்டாம், இணைப்பை அடியோடு மூடிவிட வேண்டும் என்பவர்களுக்கான பதில் பிற்பகுதியில் இருக்கிறது.

பழைய இணைப்பை முதலில் ரத்து செய்துவிட்டுத்தானே புதிய நிறுவனத்துக்குப் போக வேண்டும்?

கூடாது. இந்த ஒரு தவறால் பத்து, பதினைந்து ஆண்டுகளாக வைத்திருந்த எண்ணை இழந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்வது போல முதலில் பழைய கணக்கை முடித்துக்கொண்டு பிறகு புதிய இடத்துக்குப் போவதுதான் முறை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். செல்பேசி எண் விஷயத்தில் முறை தலைகீழானது. பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்போது மட்டுமே எண்ணை வெளியே எடுத்துச் செல்ல முடியும். இணைப்பை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டால், எண் நிறுவனத்தின் கைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு மாற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

நாம் பேச்சு வழக்கில் ‘போர்ட் செய்வது’ என்று சொல்லும் எண் பெயர்வுதான் ரத்து விண்ணப்பமும்கூட. எண் புதிய நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்த நிமிடத்தில் பழைய இணைப்பு தானாகவே முடிந்துவிடும். பழைய நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போகவோ, கடிதம் கொடுக்கவோ, அவர்களிடம் அனுமதி கேட்கவோ தேவையில்லை.

இந்த வசதி எப்போதிலிருந்து இருக்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் இதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் முதலில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதிக்குள், மட்டுமே மாற முடியும். 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டமும் எண்ணைக் கொண்டுபோகலாம் என்றானது. இன்று நாம் பின்பற்றும் நடைமுறை, 2019 டிசம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அமைந்தது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல அதற்கு முந்தைய காலத்தவை என்பதால், படிக்கும்போது தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாறுவதற்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

ஒரு முறை மாறிவிட்டால் 90 நாள்களுக்கு மறுபடி மாற முடியாது. புதிதாக வாங்கிய இணைப்புக்கும் இதே 90 நாள் கணக்குதான். எனவே அவசரப்பட்டு மாறிவிட்டு, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்று மூன்று மாதம் மொட்டை மாடியில் நின்று பேச வேண்டிய நிலை வரலாம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, குறைந்த கட்டணத்தை நம்பி ஏராளமானோர் பி.எஸ்.என்.எல்.-க்கு மாறினார்கள். அதில் மகிழ்ந்தவர்களும் உண்டு, தங்கள் தெருவில் டவர் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு தேடியவர்களும் உண்டு.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி எளிமையானது. மாற நினைக்கும் நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றைத் தனியாக வாங்கி, செல்பேசியின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டு, இரண்டு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். வீட்டின் உள்ளறையிலும் அலுவலகத்திலும் தினமும் போய்வரும் பேருந்துத் தடத்திலும் அழைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் சேவைப் பரப்பு வரைபடங்களை வைத்திருக்கின்றன, அவையும் உதவும். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவரின் கனம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த நிறுவனத்தின் சிம்மை வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தபடி பேசுகிறார் என்பது அதைவிட நம்பகமான தகவல்.

கையில் இருக்கும் கருவியையும் பாருங்கள். ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய 2ஜி பொத்தான் செல்பேசியில் அந்த சிம்மைப் போட்டால் வேலை செய்யாது. எண் மட்டும் மாறிப் போய், கருவி பயனற்றுப் போன கதைகள் இப்படித்தான் உருவாகின்றன.

மாறுவதற்கான குறியீட்டை எப்படிப் பெறுவது?

மாற்ற வேண்டிய எண்ணிலிருந்தே 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று பி, ஓ, ஆர், டி ஆகிய நான்கு எழுத்துகளை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை இட்டால் போதும். நீங்கள் தகுதியுடையவர் என்றால் யு.பி.சி. எனப்படும் எட்டு எழுத்துக் குறியீடு பதிலாக வரும். அதன் முதல் இரண்டு எழுத்துகள் உங்கள் இப்போதைய நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிப்பவை. தமிழ்நாட்டில் இந்தக் குறியீடு நான்கு நாள்கள் செல்லும்; ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு வட்டங்களில் மட்டும் முப்பது நாள்கள். நாள் கடந்துவிட்டால் மீண்டும் குறுஞ்செய்தி அனுப்பிப் புதிய குறியீடு வாங்கிக்கொள்ளலாம்.

படிக்கும்போது இரண்டு நிமிட வேலை போலத் தெரியும். என் அத்தையின் பொத்தான் செல்பேசியில் இதைச் செய்தபோது இருபது நிமிடம் ஆனது. ஏழாம் பொத்தானை ஒரு முறை, ஆறை மூன்று முறை, பிறகு மறுபடி ஏழை மூன்று முறை, எட்டை ஒரு முறை அழுத்த வேண்டும். இடையில் சற்றுத் தாமதித்தால் அடுத்த எழுத்துக்குத் தாவிவிடும், சற்று விரைந்தால் வேறு எழுத்து விழும். கடைசியில் குறியீடு வந்ததும் அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, “ஏப்பா, இது சைபரா, ஓ-வா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தச் சிறிய திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டு போகாமல், குறுஞ்செய்தியையே புதிய நிறுவனத்தின் கடையில் காட்டுவது பாதுகாப்பானது.

குறைந்த கட்டணத் திட்டத்தில் இருக்கிறேன். குறுஞ்செய்தி அனுப்பும் வசதியே இல்லை. என்ன செய்வது?

முன்பு இது பெரிய தடையாக இருந்தது. குறைந்த விலை ரீசார்ஜ்களில் குறுஞ்செய்தி வசதியைச் சேர்க்காமல் விட்டதால், வெளியேற விரும்புபவர் 1900-க்குச் செய்தி அனுப்புவதற்காகவே விலை கூடிய திட்டத்தைப் போட வேண்டியிருந்தது. இதைப் பற்றிய புகார்களுக்குப் பின், எந்த விலைத் திட்டத்தில் இருந்தாலும் 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியைத் தர வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது. எனவே யாராவது ‘முதலில் பெரிய ரீசார்ஜ் போடுங்கள்’ என்று சொன்னால் அந்த உத்தரவை நினைவூட்டலாம். ஆனாலும் வேலிடிட்டி முடிந்து, வெளியே போகும் சேவைகள் நிறுத்தப்பட்ட நிலைக்கு விட்டுவிடாமல், ஒரு வாரம் மீதம் இருக்கும்போதே செய்தியை அனுப்பிவிடுவது தேவையற்ற அலைச்சலைத் தவிர்க்கும்.

குறியீட்டுக்குப் பதிலாக மறுப்புச் செய்தி வந்தால்?

2019 திருத்தத்துக்கு முன்பு குறியீடு எல்லோருக்கும் வந்துவிடும். விண்ணப்பம் பிறகு நிராகரிக்கப்படும். இப்போது தகுதியை முதலிலேயே சரிபார்த்து, தகுதி இருந்தால் மட்டுமே குறியீடு உருவாகிறது. இது நல்ல மாற்றம். குறியீடு வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் வேலை முடிந்த மாதிரிதான்.

மறுப்புக்கான காரணங்கள் விதியில் சொல்லப்பட்டவை மட்டுமே. இணைப்பு எடுத்தோ, கடைசியாக மாறியோ 90 நாள் ஆகவில்லை. போஸ்ட்பெய்டில் அனுப்பப்பட்ட பில் கட்டப்படாமல் நிற்கிறது. எண்ணின் உரிமையாளர் பெயரை மாற்றும் விண்ணப்பம் பாதியில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வெளியேறுவதற்கான நிபந்தனை நிறைவேறவில்லை. எண் நீதிமன்ற வழக்கிலோ தடையிலோ இருக்கிறது என்பவை அவை. 2024 ஜூலை 1 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: சிம் தொலைந்தோ பழுதாகியோ மாற்று சிம் வாங்கியிருந்தால், அன்றிலிருந்து ஏழு நாள்களுக்குக் குறியீடு கிடைக்காது. மோசடிக்காரர்கள் வேறொருவரின் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, உடனே அதை வேறு நிறுவனத்துக்குக் கடத்திவிட்டு, வங்கிக் கணக்கைக் காலி செய்ததுதான் இந்த விதி வந்ததற்குக் காரணம். அதே காரணத்தால், யு.பி.சி. குறியீட்டை ஓ.டி.பி. போலவே பாவியுங்கள், தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

இவற்றில் எதுவும் பொருந்தாமல் மறுப்பு வந்தால் அது தவறான மறுப்பு. தவறாக நிராகரிக்கப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நிறுவனத்தின் மீது 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க டிராய்க்கு அதிகாரம் உண்டு. அந்தத் தொகை உங்களுக்கு வராது என்றாலும், புகாரில் அதைக் குறிப்பிடுவது வேலையை விரைவுபடுத்தும்.

புதிய நிறுவனத்தின் கடையில் என்ன நடக்கும்?

குறியீட்டையும் அடையாளச் சான்றையும் கொடுக்க வேண்டும். இன்று பெரும்பாலும் ஆதார் எண்ணும் விரல் ரேகையும், அல்லது சான்றைப் படம் பிடித்து, உங்களையும் நேரடியாகப் படம் பிடிக்கும் முறையும்தான். சாலையோரம் குடை விரித்து சிம் விற்கும் இளைஞரிடமும் இதைச் செய்யலாம். அவரும் அதே செயலியைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் விரல் ரேகை ‘பதியவில்லை’ என்று சொல்லி இரண்டாவது முறை வைக்கச் சொன்னால், முதல் முயற்சி உண்மையிலேயே தோல்வியடைந்ததா என்பதைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் உங்கள் பெயரில் இரண்டு சிம் எடுக்கப்படும் மோசடி இப்படித்தான் நடக்கிறது. மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

மாறுவதற்கென்று வாடிக்கையாளரிடம் பொதுவாக இப்போது கட்டணம் வாங்குவதில்லை. முதல் ரீசார்ஜ் தொகையை மட்டும் கேட்பார்கள்.

எத்தனை நாள் ஆகும்? இடையில் செல்பேசி வேலை செய்யுமா?

ஒரே வட்டத்துக்குள் மாறினால் மூன்று வேலை நாள்கள். வேறு வட்டத்துக்கு மாறினாலும், அலுவலகப் பெயரில் உள்ள எண்களுக்கும் ஐந்து வேலை நாள்கள். சென்னை, தமிழ்நாட்டின் பிற பகுதிகள், புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் ஒரே வட்டம்தான். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வராது என்பதால், பொங்கலுக்கு முந்தைய நாள் விண்ணப்பித்துவிட்டு மூன்றாம் நாள் சண்டைக்குப் போகாதீர்கள்.

அதுவரை பழைய சிம் வழக்கம்போல வேலை செய்யும். மாற்றம் நடக்கப்போகும் நேரத்தைப் புதிய நிறுவனம் குறுஞ்செய்தியில் தெரிவிக்கும். பெரும்பாலும் இரவு நேரமாக இருக்கும். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதிய சிம்மைப் போட்டு, செல்பேசியை ஒரு முறை அணைத்து இயக்குங்கள். இடைப்பட்ட சில மணி நேரம் அழைப்பு வராது, ஓ.டி.பி.யும் வராது. மறுநாள் காலை ரயில் டிக்கெட் எடுக்கவோ வீட்டுக் கடன் தவணை கட்டவோ வேண்டியிருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

ப்ரீபெய்டில் மீதமுள்ள தொகையும் டேட்டாவும்?

போய்விடும். புதிய நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது, திருப்பித் தரவும் மாட்டார்கள். ஓராண்டுத் திட்டம் போட்ட அடுத்த மாதமே மாறுபவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

அதிகச் சிக்கல் வருவது இங்கேதான். குறியீடு கேட்கும் நாளில் உங்களுக்கு அனுப்பப்பட்டு நிற்கும் பில் பாக்கி இருக்கக் கூடாது. ஆனால் கடைசி பில் தேதியிலிருந்து மாறும் நாள் வரையிலான பயன்பாட்டுக்கு இன்னும் பில் போடப்பட்டிருக்காது. அந்த இறுதி பில் நீங்கள் வெளியேறிய பிறகே வரும், பெரும்பாலும் மின்னஞ்சலுக்கு. அதைக் கட்டாமல் விட்டால், பழைய நிறுவனம் புதிய நிறுவனத்துக்குத் தெரிவித்து, புதிய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் இணைப்பையே துண்டிக்க வைக்க முடியும். புதிய நிறுவனத்துக்கு ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது புரியவே புரியாது.

எனக்கே நடந்தது. மாறி ஒன்றரை மாதம் கழித்து, வெளியே போகும் அழைப்புகள் நின்றுவிட்டன. வாடிக்கையாளர் சேவையில் விசாரித்தால் ‘முந்தைய நிறுவனத்தில் பாக்கி’ என்றார்கள். பாக்கித் தொகை நூறு ரூபாய்க்கும் குறைவு. அந்த பில் நான் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தது. தொகையைக் கட்டி, ரசீதைப் புதிய நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, இணைப்பு திரும்ப வருவதற்குள் மூன்று நாள் ஓடிவிட்டது. பழைய நிறுவனத்தின் மீது குற்றம் சொல்ல எனக்கு அப்போது மிகவும் ஆசையாக இருந்தது; ஆனால் மாறுவதற்கு முன் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்காதது நான்தான்.

ஆகவே மாறிய பின் ஒரு மாதம் வரை இறுதி பில்லை எதிர்பார்த்திருங்கள். அதைக் கட்டிய பிறகே தானியங்கிப் பணப் பிடித்தத்தை, அது வங்கி வழியோ யு.பி.ஐ. வழியோ, நிறுத்துங்கள். இணைப்பு எடுக்கும்போது வைப்புத்தொகை கட்டியிருந்தால், இறுதி பில்லில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்ட வைப்புத்தொகை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குடும்பத் திட்டத்தில் நீங்கள் முதன்மை எண் என்றால், உங்களோடு இணைந்த மற்ற எண்களின் கதி என்ன என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தக் காலம் முடியாமல் வெளியேறலாமா? அலுவலகம் கொடுத்த எண்ணை எடுத்துப் போகலாமா?

அமெரிக்காவைப் போல இரண்டாண்டு ஒப்பந்தமும் முன்கூட்டி வெளியேறினால் பெரிய தொகையும் என்ற வழக்கம் இந்தியாவில் பரவலாக இல்லை. பெரும்பாலானோர் செல்பேசியைத் தனியாக வாங்கி, மாதா மாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ரீசார்ஜ் செய்கிறோம். அதில் நம்மைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. கருவியோடு சேர்த்து வாங்கிய சலுகைத் திட்டங்களிலும், அழகு எண் என்று வாங்கிய சில இணைப்புகளிலும் மட்டும் குறைந்தபட்சக் காலம் எழுதப்பட்டிருக்கலாம். அந்தத் தாளையோ மின்னஞ்சலையோ தேடி எடுத்து, வெளியேறும் நிபந்தனையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கருவிக்கான மாதத் தவணை நிதி நிறுவனத்தோடு போட்டது என்றால் அது வேறு கணக்கு. நீங்கள் எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் தவணை தொடரும்.

அலுவலகப் பெயரில் உள்ள எண் அலுவலகத்துடையது. அவர்கள் அங்கீகாரக் கடிதம் தந்தால் மட்டுமே மாற்ற முடியும். வேலையை விட்ட பிறகு கேட்டால் கடிதம் கிடைப்பது கடினம். கடைசி நாளுக்கு முன் கேட்டு வாங்குங்கள்.

எண் வேறொருவர் பெயரில் இருக்கிறது. காலமான அப்பாவின் எண்ணை நான் மாற்ற முடியுமா?

எண் பெயர்வின் வழியாக உரிமையாளரின் பெயரை மாற்ற முடியாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சான்றோடுதான் மாற்ற வேண்டும். முதலில் இப்போதைய நிறுவனத்திலேயே பெயர் மாற்றத்தை முடித்து, பிறகு போர்ட் செய்வதே வழி. நெருங்கிய ரத்த உறவினருக்கும் சட்டப்படியான வாரிசுக்கும் பெயரை மாற்றித் தருவார்கள். இறந்தவரின் எண் என்றால் இறப்புச் சான்றும் உறவுக்கான சான்றும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் கேட்பார்கள். அதுவரை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். துக்க வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் காப்பீடு, வங்கி, ஓய்வூதியம் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பெங்களூருக்குக் குடிபோகிறேன். அங்கே போய் மாறலாமா?

மாறலாம். பெங்களூரில் இருந்தபடியே 1900-க்குச் செய்தி அனுப்பி, அங்குள்ள புதிய நிறுவனத்தின் கடையில் விண்ணப்பித்தால் போதும். ஐந்து வேலை நாள்கள் ஆகும்.

வங்கி, யு.பி.ஐ., வாட்ஸ்அப் பாதிக்கப்படுமா?

எண் மாறுவதில்லை என்பதால் வங்கியிலோ ஆதாரிலோ எதையும் திருத்த வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பும் அப்படியே இருக்கும். யு.பி.ஐ. செயலிகள் மட்டும் சிம் மாறியதைக் கண்டுகொண்டு மறுபடி பதிவு செய்யச் சொல்லும். அதற்கு அந்தச் செயலி உங்கள் புதிய சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். புதிய திட்டத்தில் குறுஞ்செய்தி வசதி இருக்கட்டும். இரண்டு சிம் போட்டிருந்தால் எந்த சிம் என்று கேட்கும்போது சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

சிறிய எச்சரிக்கை ஒன்று. ரீசார்ஜ் செயலிகள் சில, எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்தோ பழைய பதிவைப் பார்த்தோ உங்கள் பழைய நிறுவனத்தின் பெயரையே காட்டும். பணம் கட்டுவதற்கு முன் பெயரைப் பாருங்கள்.

விண்ணப்பித்துவிட்டேன், இப்போது மனம் மாறிவிட்டது.

விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் திரும்பப் பெறலாம். ஆங்கிலத்தில் ‘கேன்சல்’ என்று இட்டு, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணை இட்டு அதே 1900-க்கு அனுப்ப வேண்டும்.

மனம் மாறுவதற்கு வழக்கமான காரணம், பழைய நிறுவனத்திலிருந்து வரும் அழைப்பு. பத்து ஆண்டு வாடிக்கையாளராக இருந்தபோது வராத சலுகைகள் எல்லாம் நீங்கள் குறியீடு கேட்ட மறுநாள் வரும். சலுகை உண்மையிலேயே நல்லது என்றால் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தொகை, காலம், தினசரி டேட்டா அளவு ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் சலுகை இல்லை என்று பொருள்.

நிறுவனமே மூடப்பட்டால் எண் என்ன ஆகும்?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ஏர்செல் என்ற ஒரு சொல் போதும். 1999-இல் இங்கே தொடங்கி, ஊர்தோறும் பெருகிய அந்த நிறுவனத்தின் சிக்னல் 2018 பிப்ரவரியில் திடீரென்று அற்றுப்போனது. எண்ணை வெளியே எடுக்க 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். சிக்னல் இல்லாமல் குறுஞ்செய்தி எப்படிப் போகும்? கடைகளின் முன் கூட்டம் கூடியது. எங்காவது சிக்னல் ஒரு கோடு தெரிகிறதா என்று செல்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாத இறுதியில் நிறுவனம் திவால் நடைமுறைக்கு விண்ணப்பித்தது. டிராய் தலையிட்டு, வாடிக்கையாளர்களுக்குக் குறியீடு கிடைக்க வழி செய்து, 2018 ஏப்ரல் 15 வரை வெளியேற அவகாசம் தரச் சொன்னது.

சேவையை நிறுத்தப்போகும் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, மாறிக்கொள்ள நேரம் தர வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் டவருக்கு வாடகை கட்ட முடியாத நிறுவனம் அறிவிப்பு கொடுத்துவிட்டு நிற்பதில்லை. அடிக்கடி சிக்னல் போகிறது, வாடிக்கையாளர் மையங்கள் மூடப்படுகின்றன என்று தெரிந்தால், குறியீடு வாங்கும் அளவுக்குச் சிக்னல் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள்.

எண்ணே வேண்டாம், இணைப்பை முழுவதுமாக மூட வேண்டும்.

போஸ்ட்பெய்டு என்றால் நிறுவனத்தின் கடையிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ நிறுத்தக் கோரி, கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கோராமல் பில் கட்டுவதை மட்டும் நிறுத்தினால் அது ரத்து ஆகாது. பாக்கி சேரும், வசூல் அழைப்பு வரும்.

ஆனால் மூடுவதற்கு முன் செய்ய வேண்டியது அதிகம். கைவிடப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அன்று முதல் உங்கள் ஓ.டி.பி. அவருக்குப் போகும். வங்கி, ஆதார், பான், வருங்கால வைப்பு நிதி, குடும்ப அட்டை, சமையல் எரிவாயு, மின்னஞ்சலின் மீட்பு எண் என ஒவ்வொன்றிலும் புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உள்ள ‘எண்ணை மாற்று’ வசதியைப் பயன்படுத்துங்கள் அல்லது கணக்கை நீக்குங்கள். பழைய சிம் வேலை செய்யும்போதே இவற்றை முடிக்க வேண்டும், ஏனென்றால் மாற்றுவதற்கான ஓ.டி.பி.யும் பழைய எண்ணுக்குத்தான் வரும்.

சில மாதம் வெளிநாடு போகிறேன். மூடாமல் எண்ணைக் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணையும் 90 நாளுக்கு முன் துண்டிக்கக் கூடாது. அதன் பிறகும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், முப்பது நாளுக்கு 20 ரூபாய் வீதம் கழித்துக்கொண்டு எண்ணை வைத்திருக்க வேண்டும். இது 2013 முதல் உள்ள விதி. போஸ்ட்பெய்டில் மூன்று மாதத்துக்கு 150 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் எண்ணைப் பாதுகாப்பில் வைக்கும் ஏற்பாட்டையும் டிராய் அப்போதே கொண்டுவந்தது. கடை ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம், விடாமல் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை என்றால் யாரிடம் போவது?

தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் முறையிடலாம். அவர்கள் 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம்.

அடுத்து, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைத்தொடர்புத் தகராறுகள் அங்கே செல்லாது என்று 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் நீண்ட காலம் வாதிட்டு வந்தன. செல்பேசி வாடிக்கையாளரும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்காகச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்துக்கான கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கையில் இருக்க வேண்டியவை நான்கு: 1900-க்கு அனுப்பிய செய்தியும் வந்த பதிலும், புகார் எண்கள், இறுதி பில்லுக்கான ரசீது, மேல்முறையீட்டுக்கு வந்த பதில். செல்பேசியை மாற்றும்போது பழைய குறுஞ்செய்திகள் அழிந்துவிடும் என்பதால், அவற்றைத் திரையில் படம் பிடித்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்பி வையுங்கள்.